எடை கூடிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் 12 வாரத் திட்டம்: எதை அளப்பது, எங்கே சறுக்கும்?

விசில் (கேள்வி)

வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. 6, 7, 8ஆம் வகுப்புகளில் உயரமும் எடையும் எடுத்து, இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்த்தோம். 58 பேர் 23 கோட்டுக்கு மேலே, அதாவது பெரியவர்களின் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 23க்குச் சமமான, எடை கூடிய நிலையில் இருக்கிறார்கள். அதில் 17 பேர் உடல் பருமனைக் காட்டும் 27 கோட்டையும் தாண்டிவிட்டார்கள்.

நிர்வாகம் வாரத்தில் மூன்று மாலை, 4.15 முதல் 5.15 வரை, ஜூலை தொடங்கி காலாண்டுத் தேர்வு வரை 12 வாரம் கொடுத்திருக்கிறது. மண் மைதானம் உண்டு, மழைக்கு ஒரு ஹால். ஆட்கள்: நான், ஒரு உடற்கல்வி ஆசிரியை, பள்ளி நர்ஸ். பணம் 30,000 ரூபாய்.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: 58 பேரையும் தனியாகக் கூப்பிட்டு 20 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் உடற்பயிற்சி, 20 நிமிடம் விளையாட்டு. மாதம் ஒருமுறை எடை. ஆளுக்கு 4 கிலோ குறைப்பது இலக்கு. ஒரு லேப் சலுகை விலையில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது.

இதய நோய் அபாயம் குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? ரத்தப் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டுமா? யாரை மைதானத்தில் இறக்கக் கூடாது? சாப்பாட்டில் பள்ளி எதுவரை தலையிடலாம்?

---

குழந்தைநலம்

சார், முதலில் அந்த 4 கிலோவை அழித்துவிடுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டும் என்ற கட்டாயமே பல சமயம் இல்லை. 140 செ.மீ. உயரம், 46 கிலோ என்றால் பிஎம்ஐ 23.5. அடுத்த ஆண்டு 146 செ.மீ. ஆகி எடை அதே 46இல் நின்றால் 21.6. ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் பிள்ளை வரைபடத்தில் நன்றாகக் கீழே வந்துவிட்டது. 27 கோட்டைத் தாண்டியவர்களுக்கு மட்டும் மாதம் அரைக் கிலோ குறைந்தால் நல்லது; இந்த வயதில் அதைவிட வேகம் தேவையில்லை. 4 கிலோ என்று சொன்னால் பிள்ளை காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும், அம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவார், மூன்றாம் மாதம் எல்லாம் திரும்பி வரும்.

எடையைத் தாண்டி ஏன் பார்க்க வேண்டும் என்றால், ரத்தக் குழாய் கெடுவது சிறு வயதிலேயே தொடங்குகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற ஊரின் பிள்ளைகளை 1973இலிருந்து பின்தொடர்ந்தார்கள். அவர்களில் இளம் வயதில் விபத்து போன்ற காரணங்களால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் மகாதமனியிலும் இதயத் தமனியிலும் கொழுப்புப் படிவு இருந்தது. பிஎம்ஐ, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் எவ்வளவு சேர்ந்து கூடியிருந்தனவோ அவ்வளவு படிவும் கூடியிருந்தது. நல்ல செய்தியும் உண்டு. பொகலூசா உட்பட நான்கு நீண்டகால ஆய்வுகளின் 6,328 பேரை வைத்து 2011இல் வெளியான கணக்கில், சிறுவயதில் எடை கூடியிருந்தாலும் பெரியவர்களாகும்போது உடல் பருமன் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றின் அபாயம், எப்போதுமே பருமன் இல்லாதவர்களைப் போலவே இருந்தது. ஆக, மாற்றிக்கொள்ளக் காலம் இருக்கிறது, 12 வாரத்தில் முடிக்கிற அவசரம் வேண்டாம்.

நான் அளக்கச் சொல்வது மூன்றுதான்.

இடுப்பு ÷ உயரம். 0.5ஐத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில் டேப் வையுங்கள். தொப்புளில் வைத்தால் தொப்பை சரிந்த பிள்ளைக்கு அளவு மாறிவிடும். 12 வாரமும் ஒரே ஆள் எடுக்க வேண்டும். உயரத்திலும் கவனம் தேவை: மேலே சொன்ன பிள்ளையை 140க்குப் பதில் 139 என்று எழுதினாலே பிஎம்ஐ 23.8 ஆகிவிடும். ஷூ, சடைப்பின்னல், கிளிப் மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

ரத்த அழுத்தம். இங்கேதான் பள்ளி முகாம்கள் அதிகம் சொதப்புகின்றன. கைப்பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதமும், நீளம் 80 முதல் 100 சதவீதமும் இருக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பெரியவர்களின் பெரிய பட்டையே தேவைப்படும், அதை முதலில் வாங்குங்கள். 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட உட்கார்ந்த பிறகு வலக்கையில் எடுங்கள். கூடுதலாக வந்தால் இன்னும் இரண்டு முறை எடுத்துச் சராசரி. 10 வயதுப் பையனுக்கு 108/72, 13 வயதிலிருந்து 120/80 தொட்டால் மறுபடி பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் என்று பொருள் அல்ல. வெவ்வேறு மூன்று நாள்களிலும் கூடுதலாக இருந்தால்தான் மருத்துவரிடம்.

20 மீட்டர் ஷட்டில் ஓட்டம், அதாவது 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே, வேகம் கூடிக்கொண்டே போகும் பீப் ஒலிக்கு ஏற்ப ஓடித் திரும்புவது. மூச்சுத் தாங்கும் திறன் கூடுவது தனியாகவே இதயத்துக்கு நல்லது, எடை அசையாவிட்டாலும்.

ரத்தம்: எல்லாருக்கும் பள்ளியில் ஊசி குத்த வேண்டாம், லேப்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். 9–11 வயதில் எல்லாருக்கும் ஒருமுறை கொழுப்பு பார்க்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டி சொல்வது உண்மை. ஆனால் அது மருத்துவர் பெற்றோரோடு உட்கார்ந்து முடிவைப் பேசுகிற இடத்துக்கு. 58 தாளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்யும்? 27 கோட்டைத் தாண்டியவர்கள், கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்தவர்கள், அழுத்தம் கூடியவர்கள், பெற்றோருக்கு இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இவர்களைக் கடிதம் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். அங்கே வெறும் வயிற்றில் கொழுப்பு, சர்க்கரை, ஈரல் என்சைம் ஏஎல்டி பார்ப்பார்கள். 10 வயதுக்கு மேல் டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 130 தொட்டால் அதிகம், எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 40க்குக் கீழே குறைவு. இந்த இரண்டும் உணவுக்கும் ஓட்டத்துக்கும் நன்றாக அசையும். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) அவ்வளவாக அசையாது. 190க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை விஷயம், மைதானத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மைதானத்தில் இறக்கும் முன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்கள்: ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள், குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருப்பவர்கள், தெரிந்த இதயக் குறை உள்ளவர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விளையாடலாம், இன்ஹேலர் பைக்குள் அல்ல, நர்ஸ் கையில் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு, பலர் தவறவிடுவது. எடை கூடிய 10–15 வயதுப் பிள்ளை நொண்டினால், முட்டி வலி என்று சொன்னாலும் இடுப்பு மூட்டைச் சந்தேகியுங்கள். தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவியிருக்கலாம். வலி முட்டியில் தெரிவதால் தைலம் தேய்த்து ஓட வைத்துவிடுவார்கள், அது மூட்டையே கெடுத்துவிடும். அன்றைக்கே நடையை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம். அடுத்தது, சாப்பாட்டால் எடை கூடிய பிள்ளை பொதுவாக வகுப்பில் உயரமாகவும் இருக்கும். குண்டாகவும் குள்ளமாகவும் இருந்து, உயரம் ஆண்டாண்டாகத் தேங்கினால் தைராய்டு போன்ற சுரப்பிக் குறை பார்க்கப்பட வேண்டும்.

---

ஆடுகளம்

டாக்டர் சொன்னதற்கு மேல் மைதானத்தைப் பற்றி மட்டும்.

20 நிமிடத் தொடர் ஓட்டம் வேண்டாம் சார். எடை கூடிய பிள்ளைக்கு அது தண்டனை. இரண்டாம் வாரமே வயிற்று வலி லீவு லெட்டர் வரும். விட்டு விட்டு ஓட வையுங்கள்: முதல் இரண்டு வாரம் 15 விநாடி வேகம், 45 விநாடி நடை, 8 சுற்று. மூன்றிலிருந்து ஆறாம் வாரம் 20/40, 10 சுற்று. பிறகு 30/30, 10 சுற்று. அதற்கு முன்னால் கூட்டினால் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலிக்கும். மண் தரை இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், சிமெண்ட் பக்கம் போகாதீர்கள். மெலிந்த அடியுள்ள கேன்வாஸ் ஷூவுக்கு அது ஆகவே ஆகாது.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணியில் 9 பேர், 8 பேர் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தப்பிக்கும் அணியில் ஒரு நேரத்தில் 3 பேர்தான் களத்தில். 18 பேரில் ஓடுவது 4 பேர்! நான்கு பேர் உட்காரும் சின்ன வரிசைகளாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் நான்கு ஆட்டம் நடத்துங்கள். கபடியில் அவுட் ஆனவன் உட்காருவான். முதலில் அவுட் ஆவது யார் என்று உங்களுக்கே தெரியும், யாருக்கு ஓட்டம் தேவையோ அவன்தான். அவுட் ஆனால் 20 ஸ்கிப்பிங் போட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள். கிரிக்கெட் வேண்டவே வேண்டாம், ஃபைன் லெக்கில் நின்று மேகம் பார்ப்பதற்குப் பெயர் உடற்பயிற்சி இல்லை. கிளித்தட்டு நன்றாக வேலை செய்யும்.

சோதனை எளிது: 5 நிமிடத்துக்கு ஒருமுறை மைதானத்தை ஒரு பார்வை பார்த்து, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று குறியுங்கள். பாதிக்கு மேல் நின்றால் ஆட்டத்தை மாற்றுங்கள். வேகம் போதுமா என்பதற்கு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடியை 15 விநாடி எண்ணினால் 35க்கு மேல் வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 140.

பலப் பயிற்சி 12 நிமிடம் போதும்: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிளாங்க், மணல் மூட்டை தூக்கி நடப்பது. தோப்புக்கரணமும் அருமையான பயிற்சிதான். தண்டனையாகக் கொடுத்து அதன் மானத்தை நாமே வாங்கிவிட்டோம். முதல் வாரத்திலேயே கயிறு இழுக்கும் போட்டி வையுங்கள். எடை கூடிய பிள்ளைகள் இழுப்பதிலும் எறிவதிலும் மற்றவர்களைத் தோற்கடிப்பார்கள். அன்றைக்கு ஜெயித்தவன் அடுத்த நாள் ஓட வருவான்.

ஷட்டில் ஓட்டத்தில் ஒரு கவனம். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு அரை கி.மீ. கூடும், தொடர்ந்து இரண்டு முறை பீப்புக்குள் கோட்டைத் தொடாவிட்டால் நிறுத்த வேண்டும். முழு வகுப்பையும் ஒன்றாக ஓட விட்டால் முதலில் நின்றவனை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, நின்றவர் வெளிவட்டத்தில் நடந்துகொண்டே இருக்கும்படி வையுங்கள்.

வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதிப் பேர் நிற்பதற்குக் காரணம் தொடை உரசிப் புண்ணாவது. உள்ளே இறுக்கமான சைக்கிளிங் ஷார்ட்ஸ், கொஞ்சம் வாசலின். பெண் பிள்ளைகளுக்கு இதை ஆசிரியை சொல்லட்டும். தண்ணீர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100–250 மி.லி.; ஒரு மணி நேர ஆட்டத்துக்கு குளுக்கோஸ் பொடி எதற்கும் தேவையில்லை.

---

சமையற்கட்டு

4.15க்குப் பிள்ளை பசியோடு வரும். மதியம் 12.30க்குச் சாப்பிட்டது. ஒன்றும் கொடுக்காவிட்டால் 5.20க்கு வாசலில் பஃப்ஸும் குளிர்பானமும்தான், ஒரு மணி நேர ஓட்டம் அங்கேயே அடிபட்டுப் போகும். உங்கள் 30,000இல் முதல் செலவு சுண்டலாக இருக்கட்டும். ஆளுக்கு 30 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை, 58 பேருக்கு 1.74 கிலோ, 36 நாளுக்கு 62 கிலோ சொச்சம். கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும் 5,700க்குள் முடியும். வேகவைத்து, தேங்காயை அளவாகப் போட்டு, ஆட்டத்துக்கு முன் பாதி, பின் பாதி.

58 பேருக்கும் டயட் சார்ட் அச்சடிக்காதீர்கள். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதற்குத்தான் பயன்படும். பெற்றோரைக் கூப்பிட்டு நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள்.

முதலில் டம்ளர். பாலில் கலக்கும் மால்ட் பொடி இரண்டு ஸ்பூன், மேலே சர்க்கரை இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தலை தட்டிய டீஸ்பூன் சர்க்கரை 4–5 கிராம். வீட்டில் யாரும் தலை தட்டுவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் பிள்ளைகளுக்குச் சொல்வது நாளுக்கு 25 கிராமுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை. பால் மட்டுமே அதைத் தின்றுவிடும், ஒரு 300 மி.லி. கோலா குடித்தால் தனியாகவே தாண்டிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை பாலையே விட்டுவிடும். வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள்.

அடுத்து டப்பா. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், லெமன் சாதமும் சிப்ஸும் என்றால் மாவுச்சத்தோடு மாவுச்சத்து. பாதி டப்பா பொரியல் அல்லது கூட்டு, கால் டப்பா சாதம், கால் டப்பா பயறு, முட்டை, மீன் ஏதாவது. ரிப்போர்ட்டில் கொழுப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் முட்டையை நிறுத்திவிட்டு பிரெட்டும் ஜாமும் கொடுக்கும் வீடுகள் நிறைய. நம் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிற கோளாறு டிரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்குவது. அதை ஏற்றுவது வெள்ளை மாவும் சர்க்கரையும், முட்டை அல்ல.

மூன்றாவது எண்ணெய். கேனைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதத்துக்கு இரண்டு லிட்டர் என்பது சுமாரான கணக்கு. மூன்று லிட்டர் போனால் எங்கே போகிறது என்று அம்மாவே கண்டுபிடிப்பார். பெரும்பாலும் ராத்திரி தோசைக்கல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பொரிப்பும்தான். அப்பளம், ஊறுகாய், பாக்கெட் நூடுல்ஸின் மசாலாப் பொட்டலம் மூன்றும் உப்புக் கணக்கு, அழுத்தம் கூடிய பிள்ளைகளுக்கு அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

நான்காவது மணி. டியூஷன் முடிய 8.30, சாப்பாடு 9.30, போன், தூக்கம் 11, காலை 6.30க்கு வேன். 6–12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பின் மேல். டியூஷனுக்கு முன்பே சாப்பாடு என்று மாற்றினாலே ஒரு மணி நேரம் மிச்சம்.

பிள்ளைக்குத் தனிச் சமையல் கூடாது. அப்பாவுக்கு நெய் ரோஸ்ட், பையனுக்குக் கோதுமை தோசை என்றால் அது ஒரு வாரம்கூட ஓடாது. வீட்டில் பாட்டி இருந்தால் கூட்டத்துக்கு அவரையும் கட்டாயம் அழையுங்கள், பல வீட்டில் கரண்டி அவர் கையில்.

பள்ளி எதுவரை போகலாம் என்று கேட்டீர்கள். உங்கள் எல்லைக்குள் சட்டமே இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்தவற்றைப் பள்ளி கேண்டீனிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. கேண்டீனைச் சரிசெய்யாமல் பெற்றோரிடம் பேசினால் அவர்கள் முதலில் காட்டுவது அந்தக் கேண்டீனைத்தான்.

---

விசில்

நன்றி. 4 கிலோவையும் லேப்பையும் எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு: 58 பேரைத் தனியாகக் கூப்பிடுவதா, எல்லாருக்கும் பொதுவாக நடத்துவதா? காலாண்டுத் தேர்வோடு நின்றால் எல்லாம் வீணா?

---

ஆடுகளம்

தனியாகக் கூப்பிட்டால் மறுநாளே அதற்குக் "குண்டு கிளாஸ்" என்று பெயர் வந்துவிடும். மாலை விளையாட்டு மன்றம் என்று பொதுவாக அறிவியுங்கள். 58 பேரின் வீட்டுக்கு மட்டும் போனில் பேசி, கண்டிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். 80, 90 பேர் வந்தாலும் மூன்று குழுவாகச் சமாளிக்கலாம், கயிறு கூடுதலாக வாங்குங்கள், சுண்டல் கணக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். எடை, இடுப்பு, அழுத்தம் எல்லாம் நர்ஸ் அறையில், ஒவ்வொருவராக, கதவைச் சாத்தி. எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

---

குழந்தைநலம்

இரண்டாவது கேள்விக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023 வழிகாட்டி, 3 முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரடித் தொடர்பு என்கிறது. உங்களிடம் 36 மணி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 26 மணி குடும்பத்தோடு உணவு, பழக்கம், உடலியக்கம் எல்லாம் சேர்ந்த கணக்கு. பிள்ளையை மட்டும் ஓட வைத்த 36 மணி அதற்கு ஈடாகாது. எடை கூடிய பிள்ளைகளுக்காக லண்டனில் உருவான மெண்ட் திட்டத்தில் 9 வாரம், வாரம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் பெற்றோரும் வந்தார்கள். முடிந்த பிறகு 12 வாரத்துக்குக் குடும்பமாக நீச்சல் குளத்துக்கு இலவச அனுமதி கொடுத்தார்கள். 116 பிள்ளைகளிடம் சோதித்ததில், 6 மாதத்தில் ஒப்பீட்டுக் குழுவைவிட இடுப்பளவும் குறைந்தது, படி ஏறி இறங்கும் சோதனைக்குப் பிந்தைய நாடி மீள்வதும் மேம்பட்டது. அந்த நீச்சல் அனுமதியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன், திட்டம் முடிந்த மறுநாள் பிள்ளை எங்கே போகும் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது: 12 வாரத்தில் ஆறு சனிக்கிழமை காலை பெற்றோருக்கு ஒரு மணி நேரம். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வாரம் ஒரு மாலை. அக்டோபரிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும், அதனால் ஹாலில் ஸ்கிப்பிங்கும் பலப் பயிற்சியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி வாரம் இரண்டு. தேர்வு வாரங்களில் உடற்கல்விப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்க மாட்டோம் என்று தலைமையாசிரியரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள், செப்டம்பரில் கேட்டால் கிடைக்காது.

அளவு மூன்று முறை: தொடக்கம், 12ஆம் வாரம், அடுத்த ஜூன். 12ஆம் வாரத்தில் பெற்றோருக்கு எடையைக் காட்டாதீர்கள், ஷட்டில் சுற்று எண்ணிக்கையைக் காட்டுங்கள். அதுதான் அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்திருக்கும். அழுத்தம் எடுப்பதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மாலை ஆட்டம் முடித்து வியர்வையோடு வருகிற பிள்ளையிடம் எடுத்த எண் எதற்கும் உதவாது.